வெஸ்நாத் 1.18, 1.19 இரண்டும் ஒரே கணினியில்: நிலையான பதிப்பையும் சோதனைப் பதிப்பையும் டெபியனுக்குப் பொதியாக்கும் முழுமையான வழிகாட்டி

பேட்டில் ஃபார் வெஸ்நாத் 2003 முதல் வளர்ந்துவரும் கட்டற்ற உத்தி விளையாட்டு. 1.18இல் ஒரு கேம்பெய்னை (தொடர் கதையாட்டத்தை) பாதிவரை ஆடிக்கொண்டிருப்பவரே 1.19இல் வந்திருக்கும் புதிய வசதியையும் பார்க்க விரும்புவார். துணைநிரல் எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பாளர்கள், வரைபடம் வரைபவர்கள் என்று பலருக்கும் இரண்டு பதிப்புகளும் ஒரே நேரத்தில் வேண்டும். இன்னொரு பக்கம், சோதனைப் பதிப்பைக் கேட்காதவரின் கணினிக்குள் அது தானாக நுழையவே கூடாது. மென்பொருளை நிறுவத்தக்க பொதியாகக் கட்டித் தரும் பொதியாக்குபவரின் வேலை முழுவதும் இந்த இரண்டு தேவைகளுக்கும் நடுவில்தான் நடக்கிறது.

கீழே சொல்வது டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தை வைத்து. உபுண்டுவுக்கும் மிண்ட்டுக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும். கட்டளைகள், கோப்புகள், அமைப்புப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறோம். கோப்பில் இடும்போது அவற்றின் ஆங்கில வடிவத்தையே இட வேண்டும்.

எண்ணைப் படிப்பது

வெஸ்நாத்தில் நடு எண் இரட்டைப்படை என்றால் நிலையான வரிசை. ஒற்றைப்படை என்றால் சோதனை வரிசை. 1.14 (2018 மே), 1.16 (2021 அக்டோபர்), 1.18 (2024 மார்ச்) ஆகியவை நிலையானவை. 1.15, 1.17, 1.19 ஆகியவை அடுத்த நிலையான வரிசைக்கான உழைப்பு நடக்கும் இடங்கள்.

நிலையான வரிசைக்குள் 1.18.0 வைத்திருப்பவரும் அதற்குப் பின் வந்த 1.18 வெளியீடுகளை வைத்திருப்பவரும் சேர்ந்து ஆடலாம், சேமிப்புக் கோப்புகளும் திறக்கும். சோதனை வரிசையில் இந்த உத்தரவாதம் கிடையாது. 1.19இன் ஒரு வெளியீட்டில் சேமித்தது அடுத்ததில் திறக்காமல் போகலாம். ஆகவே 1.18.2இலிருந்து 1.18.3க்குப் போவது சாதாரண மேம்பாடு. 1.18இலிருந்து 1.19க்குப் போவதை மேம்பாடாகவே கருதக் கூடாது. பொதியைப் பொறுத்தவரை அது வேறொரு மென்பொருள். அடுத்து எடுக்கும் எல்லா முடிவுகளும் இதிலிருந்தே வருகின்றன.

படி 1: மூலக்கோப்பை எடுத்தல்

மூல உருவாக்குநர்கள் (வெஸ்நாத் குழுவினர்) வெளியிடும் டார் கோப்பையே (மூலநிரல் அடங்கிய கோப்பையே) எடுங்கள். கிட்ஹப் தானாக உருவாக்கித் தரும் சுருக்கக் கோப்பை எடுக்காதீர்கள். அதில் கிட் துணைத்தொகுதிகள் (வேறு களஞ்சியத்திலிருந்து இணைக்கப்படும் நிரல்) இருக்காது. 1.17 முதல் வெஸ்நாத்தின் லுவா மொழி நிரல் துணைத்தொகுதியாகத்தான் வருகிறது. அது இல்லாமல் தொகுக்கப் போனால் லுவாவின் தலைப்புக் கோப்புகள் காணவில்லை என்று பிழை வரும். காரணம் தெரியாதவர் கணினியில் லுவா மேம்பாட்டுப் பொதி இல்லையோ என்று தேடி நேரத்தை வீணாக்குவார்.

டெபியன் அடைவில் (பொதியாக்க விதிகள் இருக்கும் அடைவு) உள்ள, புதிய வெளியீட்டைக் கண்காணிக்கும் வாட்ச் கோப்பில் வரிசை எண்ணை நேரடியாகப் பூட்டிவிடுங்கள்: நிலையான பொதியில் 1.18, சோதனைப் பொதியில் 1.19. நடு எண்ணின் கடைசி இலக்கம் [02468] என்று பொதுவாக எழுதினால் ஒற்றைப்படை எண்கள் வடிகட்டப்படும், உண்மைதான். ஆனால் 1.20 வந்த அன்று 1.18 பொதிக்கே புதிய பதிப்பு வந்துவிட்டதாக அது அறிவிக்கும். பூட்டினால் புதிய வரிசை பற்றிய அறிவிப்பு வராது. அதை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

படி 2: பெயர் வைத்தல்

மூலப் பொதியின் (தொகுப்பதற்கான மூலநிரல் உள்ள பொதி) பெயரிலேயே வரிசை எண்ணைச் சேர்க்க வேண்டும்: வெஸ்நாத்-1.18, வெஸ்நாத்-1.19. டெபியன் பின்பற்றும் முறையும் இதுதான். பயனர் நிறுவும் இருமப் பொதிகள் இப்படிப் பிரியும்: நிரல் உள்ள கோர், படங்களும் பொதுத் தரவும் உள்ள டேட்டா, மியூசிக், சர்வர், டூல்ஸ், ஒவ்வொரு கேம்பெய்னுக்கும் தனிப் பொதி. எல்லாப் பெயர்களிலும் எண் இருக்கும். இவற்றின் மேல், எண் இல்லாமல் வெறுமனே வெஸ்நாத் என்று ஒரு மெட்டா பொதி. அதற்குள் கோப்பு எதுவும் இருக்காது. நடப்பு நிலையான வரிசையைச் சார்ந்திருப்பது மட்டுமே அதன் வேலை.

இங்கே தவறினால் பின்னால் சரிசெய்வது கடினம். மெட்டா பொதியை நிலையான வரிசையின் மூலப் பொதி மட்டும்தான் உருவாக்க வேண்டும். 1.18இன் டெபியன் அடைவை 1.19க்கு நகலெடுக்கும்போது பொதிகளின் பெயரும் சார்பும் எழுதப்படும் கண்ட்ரோல் கோப்பிலுள்ள மெட்டா பொதிப் பகுதியும் கூடவே வரும். அதை நீக்க மறந்தால், எண் பெரிதாக இருக்கிற காரணத்தால் வெஸ்நாத் மெட்டா பொதி 1.19ஐ இழுத்துக்கொண்டு வரும். களஞ்சியத்தைச் சேர்த்திருக்கும் எல்லோரும் சோதனைப் பதிப்புக்குத் தள்ளப்படுவார்கள்.

புதிய பெயருக்கு ஒரு விலை உண்டு. டெபியனின் அதிகாரபூர்வக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது, புதிய பொதிப் பெயர்கள் புதுவரவு வரிசையில் நின்று உரிமங்கள் மனிதர்களால் சரிபார்க்கப்பட்ட பிறகே உள்ளே போகும். ஆகையால் காப்பிரைட் கோப்பை முதலிலேயே ஒழுங்காக எழுதுங்கள். நிரல் ஜிபிஎல் 2 அல்லது அதற்குப் பிந்தையது. படங்களும் இசையும் சில ஜிபிஎல், சில கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 4.0. மூலநிரலில் உள்ள காப்பிரைட்ஸ்.சிஎஸ்வி கோப்பு எந்தப் படம் எந்த உரிமத்தில் என்று சொல்கிறது. சோதனை வரிசையில் வெளியீட்டுக்கு வெளியீடு புதிய படங்கள் சேர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், முந்தைய வெளியீட்டின் சிஎஸ்வி கோப்போடு ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதும்.

படி 3: பதிப்பு எண்ணை எழுதுதல்

பொதிகளை நிறுவும் டிபிகேஜி நிரல் எண்களை ஒப்பிடும் விதம் பலரைத் தடுக்கிவிடுகிறது. டில்டே (~) குறி எல்லாவற்றுக்கும் முன்னால் வரும். எதுவுமே இல்லாத முடிவுக்கும்கூட முன்னால். கூட்டல் குறி பின்னால் வரும். ஆக 1.20.0~ஆர்சி1 (இறுதிக்கு முந்தைய சோதனை வெளியீடு) என்பது 1.20.0ஐவிடச் சிறியது. டில்டே இல்லாமல் 1.20.0ஆர்சி1 என்று எழுதிவிட்டால் அது 1.20.0ஐவிடப் பெரியதாகிவிடும், இறுதி வெளியீடு வந்தாலும் பயனர் ஆர்சியிலேயே சிக்கிக்கொள்வார்.

கிட் களஞ்சியத்தின் அன்றாட நிலையிலிருந்து பொதி செய்கிறீர்கள் என்றால் 1.19.5+கிட்20250110 என்ற வடிவமே பொருத்தம். வெஸ்நாத் குழுவும் வெளியீடு முடிந்ததும் மூலநிரலின் எண்ணை 1.19.5+டெவ் என்று மாற்றுகிறது. இந்த வடிவம் 1.19.5க்குப் பின்னாலும் 1.19.6க்கு முன்னாலும் சரியாக உட்காரும். தேதியை விட்டுவிட்டு கமிட் (கிட்டில் பதிவான மாற்றம்) குறியீட்டை மட்டும் போடாதீர்கள். அந்தக் குறியீடுகளுக்குக் கால வரிசை இல்லை. நாளைய பொதி இன்றையதைவிடச் சிறிய எண்ணாக அமையலாம்.

டெபியனில் வெஸ்நாத் எண்ணின் முன்னால் 1: என்ற எபக் (மற்ற எண்களுக்கு முன்பே ஒப்பிடப்படும் எண்) இருக்கிறது. உங்கள் பொதியிலும் அதைச் சேருங்கள். விட்டுவிட்டால் நீங்கள் எவ்வளவு பெரிய எண் போட்டாலும் அதிகாரபூர்வப் பொதியே பெரியதாக நிற்கும். புதிதாக எபக்கை ஏற்றுவதை மட்டும் தவிருங்கள். ஒருமுறை ஏற்றினால் இறக்கவே முடியாது.

பழைய டெபியனுக்குப் பின்னோக்கித் தொகுக்கும்போது எண்ணின் கடைசியில் ~பிபிஓ12+1 என்று சேர்ப்பது வழக்கம். பயனர் அடுத்த டெபியனுக்கு மாறும்போது அங்குள்ள பொதி பெரியதாகி, மேம்பாடு தடையின்றி நடக்கும். சந்தேகம் வரும் ஒவ்வொரு எண்ணையும் டிபிகேஜியின் கம்பேர்-வெர்ஷன்ஸ் கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். மனக்கணக்கை நம்ப வேண்டாம்.

படி 4: பாதைகளைப் பிரித்தல்

இரண்டு பொதிகள் ஒரே பாதையில் ஒரு கோப்பை வைத்தால் டிபிகேஜி இரண்டாவதை நிறுவ மறுத்துவிடும். தொகுப்பை அமைக்கும் சிமேக் கருவியில் இதற்கான அமைப்புகள் இருக்கின்றன. பைனரி_சஃபிக்ஸ் என்பதற்கு -1.19 என்று கொடுத்தால் நிரல் கோப்பு வெஸ்நாத்-1.19 என்ற பெயரில் அமரும். டேட்டாடிர்நேம் என்பதற்கு வெஸ்நாத்/1.19 என்று கொடுத்தால் தரவு தன் அடைவுக்குள் போகும்.

லோக்கேல்டிர் அமைப்பைத் தொடாதீர்கள். இயல்பாக மொழிபெயர்ப்புகள் தரவு அடைவுக்குள்ளேயே போகும். மற்றப் பொதிகளைப் போல இருக்கட்டும் என்று நினைத்து யூஎஸ்ஆர்/ஷேர்/லோக்கேல் என்று மாற்றினால் சிக்கல்தான். வெஸ்நாத்-லிப், வெஸ்நாத்-யூனிட்ஸ் போன்ற மொழிபெயர்ப்புக் கோப்புகளின் பெயரில் வரிசை எண் இல்லை. இரு பொதிகளும் அங்கே மோதும்.

கைப்பக்கங்கள் (கட்டளை உதவிப் பக்கங்கள்), மெனுவில் தோன்றும் டெஸ்க்டாப் கோப்பு, சின்னம், மென்பொருள் அங்காடிகளுக்கு விவரம் தரும் ஆப்டேட்டா கோப்பு ஆகியவற்றின் பெயர்களைத் தொகுத்து முடித்ததும் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். எண் சேராதவற்றைத் தொகுப்புக் கட்டளைகள் உள்ள ரூல்ஸ் கோப்பில் பெயர் மாற்றுங்கள். கைப்பக்கங்கள் பல மொழிகளில் இருப்பதால் மொழி அடைவுகளையும் மறக்கக் கூடாது. டெஸ்க்டாப் கோப்பில் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, உள்ளே இயக்க வேண்டிய கட்டளையை மாற்றாமல் விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பயனர் 1.19 சின்னத்தைச் சொடுக்குவார், திறப்பதோ 1.18. மெனுவில் தெரியும் தலைப்பிலும் 1.19 சோதனை என்று எழுதிவிடுங்கள்.

வெறுமனே வெஸ்நாத் என்று தட்டினால் எது திறக்கும்? ஒரே கட்டளைக்கான மாற்று நிரல்களில் ஒன்றைத் தேரும் அப்டேட்-ஆல்டர்னேட்டிவ்ஸ் வழியாக ஒரு பொது இணைப்பை வைத்தால் இரண்டு வரிசைகளும் அதில் பதிவு செய்துகொள்ளலாம். அதிக முன்னுரிமை எண் உள்ளது தானாகத் தேர்வாகும். வரிசை எண்ணையே முன்னுரிமையாக்கும் வழக்கத்தின்படி 118, 119 என்று போட்டால் சோதனைப் பதிப்பு வென்றுவிடும். 1.18க்கு 118, 1.19க்கு 19 என்று வையுங்கள். நிலையானது என்றும் மேலே நிற்கும். விரும்புபவர் கையால் மாற்றிக்கொள்வார்.

படி 5: வீட்டு அடைவும் சேமிப்புக் கோப்புகளும்

நல்லவேளையாக வெஸ்நாத் பயனரின் சேமிப்புக் கோப்புகளையும் துணைநிரல்களையும் வரிசைவாரியாகவே வைக்கிறது: வீட்டு அடைவில் .லோக்கல்/ஷேர்/வெஸ்நாத் என்பதற்குள் 1.18க்கு ஓர் அடைவு, 1.19க்கு ஓர் அடைவு. ப்ரிஃபரன்சஸ்_டிர் என்ற சிமேக் அமைப்பு இதை மீறக்கூடியது. இரு பொதிகளிலும் ஒரே மதிப்பைக் கொடுத்தால் இரண்டும் ஒரே இடத்தில் எழுதத் தொடங்கும். அதைக் காலியாக விடுங்கள். நிறுவிய பின் யூசர்டேட்டா-பாத் விருப்பத்தோடு ஒவ்வொரு நிரலையும் இயக்கினால் அது தன் பாதையை அச்சிடும். இரண்டும் வேறாக இருக்க வேண்டும்.

நிறுவலின்போது ஓடும் ஸ்கிரிப்டில் பழைய சேமிப்புகளைப் புதிய அடைவுக்கு நகலெடுக்க முயலாதீர்கள். முதலாவது, பொதி ஸ்கிரிப்டுக்குப் பயனரின் வீட்டு அடைவில் எந்த வேலையும் இல்லை; டெபியன் கொள்கையும் அதை அனுமதிக்காது. இரண்டாவது, 1.16இன் கேம்பெய்ன் சேமிப்பு 1.18இல் சரியாக ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. கேம்பெய்னின் காட்சிகளும் படைவீரர்களின் அளவுகளும் இடையில் மாறியிருக்கும். பாதி ஆட்டத்தில் இருப்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உதவி, பழைய வரிசையை அவர் கணினியில் விட்டுவைப்பதுதான்.

படி 6: சார்புகள்

கோர் பொதியும் டேட்டா பொதியும் துல்லியமாக ஒரே வெளியீடாக இருக்க வேண்டும். 1.19.4 நிரல் 1.19.5 தரவோடு ஓடினால் தொடக்கத்திலேயே பிழைச் செய்தி வரலாம். அதைவிட மோசம், பிழை எதுவும் வராமல் நடுவில் முறிவது.

டேட்டா எல்லாக் கணினிக் கட்டமைப்புக்கும் பொதுவானது. கோர் ஒவ்வொரு கட்டமைப்புக்கும் தனி. கோர் டேட்டாவைச் சார்ந்திருக்கும்போது, சமம் என்ற குறியோடு சோர்ஸ்:வெர்ஷன் (மூலப் பொதியின் எண்) மாறியைப் பயன்படுத்துங்கள். அங்கே பைனரி:வெர்ஷன் (இருமப் பொதியின் எண்) போட்டால், நூலக மாற்றத்துக்காக டெபியன் உங்கள் கோரை மட்டும் மறுதொகுப்பு செய்யும்போது எண்ணின் பின்னால் +பி1 சேரும். அந்த எண்ணில் டேட்டா பொதி இருக்காது. பொதி நிறுவ முடியாததாகிவிடும். எதிர்த்திசையில், கேம்பெய்ன் பொதி கோரைச் சார்ந்திருக்கும்போது சமக் குறியே வேண்டாம். சோர்ஸ்:வெர்ஷனுக்குச் சமம் அல்லது அதிகம் என்ற கீழெல்லை ஒன்று, அதே மாறியோடு .1~ சேர்த்து அதற்குக் கீழே என்ற மேலெல்லை ஒன்று. +பி1 இவற்றுக்குள் அடங்கிவிடும்.

படி 7: தொகுத்தல்

உங்கள் மேசைக் கணினியில் நேரடியாகத் தொகுத்த பொதியை வெளியிடாதீர்கள். எஸ்பில்ட் அல்லது பிபில்டர் கொண்டு சுத்தமான சூழலில் தொகுங்கள். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருந்ததால் எழுத மறந்த தொகுப்புச் சார்பு அங்கேதான் வெளிப்படும். எஸ்டிஎல்2, அதன் இமேஜ், மிக்சர் நூலகங்கள், பூஸ்ட், கைரோ, பாங்கோ, ஃபான்ட்கான்ஃபிக், வோர்பிஸ், ஓபன்எஸ்எஸ்எல் ஆகியவை முக்கியத் தேவைகள். சோதனை வரிசை பூஸ்ட்டின் குறைந்தபட்சப் பதிப்பை உயர்த்துவது இயல்பு. 1.18க்கு எழுதிய சார்புப் பட்டியலை 1.19க்கு அப்படியே நம்பாமல் மூலநிரலின் சிமேக் கோப்பைப் பாருங்கள்.

இது பெரிய சி++ நிரல். ஒவ்வொரு இணைப் பணிக்கும் 2 ஜிபி நினைவகம் என்று கணக்கு வைப்பது பாதுகாப்பு. 8 ஜிபி கணினியில் 4 பணிகளுக்கு மேல் ஓட்டினால் தொகுப்பி பாதியில் கொல்லப்படலாம். பதிவில் உள் பிழை என்றோ கில்ட் என்றோ மட்டும் இருக்கும். நிரலில் குறை தேட வேண்டாம், இணைப் பணிகளைக் குறையுங்கள்.

வேகத்துக்காக ஃபாஸ்ட்-மேத் போன்ற கொடிகளைச் சேர்க்கவே கூடாது. பலர் சேர்ந்து ஆடும்போது ஒவ்வொருவர் கணினியும் ஒரே கட்டளைகளிலிருந்து ஒரே விளைவைத் தானே கணக்கிட வேண்டும். மிதவைப் புள்ளிக் கணக்கில் சிறு வேறுபாடு வந்தாலும் ஆட்டம் ஒத்திசைவை இழந்து முறியும். அந்தப் புகார் உங்களிடம் வராமல் மூல உருவாக்குநர்களிடம் போகும். அவர்கள் இல்லாத பிழையைத் தேடுவார்கள்.

படி 8: சோதித்தல்

பொதியின் குறைகளைத் தேடும் லின்டியன் ஓட்டுவது எல்லோரும் செய்வதுதான். அதைவிட முக்கியம் இரு வரிசைகளும் சேர்ந்து வாழ்கின்றனவா என்பது. டிபிகேஜி-டெப் கட்டளையின் கண்டென்ட்ஸ் விருப்பத்தால் இரு வரிசைகளின் எல்லாப் பொதிகளுக்கும் கோப்புப் பட்டியல் எடுத்து, பாதைகளை மட்டும் பிரித்து, வரிசைப்படுத்தி, காம் கட்டளையால் பொதுவானவற்றைப் பாருங்கள். சாய்கோட்டில் முடிபவை அடைவுகள். அவை பொதுவாக இருக்கலாம். கோப்பு ஒன்று பொதுவாக இருந்தாலும் வெளியிடக் கூடாது.

பிறகு பியூபார்ட்ஸ் கொண்டு நிறுவுதல், மேம்படுத்தல், முழுவதுமாக நீக்குதல் மூன்றையும் ஓட்டுங்கள். 1.19ஐ நீக்கியதும் வெஸ்நாத் என்ற பொது இணைப்பு 1.18க்குத் திரும்புகிறதா என்பதையும் பாருங்கள். நீக்கல் ஸ்கிரிப்டில் ஆல்டர்னேட்டிவ்ஸ் பதிவை எடுக்க மறந்தால், இல்லாத நிரலைச் சுட்டும் இணைப்பு எஞ்சும்.

சர்வர் பொதியை வெளியிடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெஸ்நாத்டி என்ற சர்வர் நிரல் இயல்பாக 15000 என்ற போர்ட்டில் கேட்கும். இரு வரிசைகளின் சர்வர்களும் ஒரே கணினியில் தானாகத் தொடங்கினால் இரண்டாவது விழுந்துவிடும். சேவைக் கோப்பின் பெயரிலும் சர்வரின் கட்டளைக் குழாய்க்கான ஃபைஃபோ_டிர் பாதையிலும் வரிசை எண்ணைச் சேருங்கள். சோதனைச் சர்வருக்குப் போர்ட் விருப்பத்தில் 15001 கொடுங்கள், தானாகத் தொடங்காமல் விடுங்கள்.

படி 9: எந்தக் களஞ்சியத்தில்

டெபியனுக்குள் அனுப்புவதானால் 1.19இன் சேஞ்ச்லாக்கில் (மாற்றப் பதிவில்) விநியோகப் பெயராக எக்ஸ்பெரிமென்டல் என்று இடுங்கள். அன்ஸ்டேபிள் என்ற வளர்ச்சிக் கிளையில் போட்டால், முட்டுக்கட்டையான பிழை அறிக்கை எதுவும் இல்லாவிட்டால், அவசர அளவைப் பொறுத்து 2, 5 அல்லது 10 நாளில், அடுத்த டெபியனாக உருவாகும் டெஸ்டிங்குக்கு நகரும். வெளியீட்டுக்கு முந்தைய உறைநிலை தொடங்குமுன் அப்படி நகர்ந்து அங்கேயே இருந்தால் சோதனைப் பதிப்பே அடுத்த டெபியனோடு ஆண்டுக்கணக்கில் தங்கிவிடும். எக்ஸ்பெரிமென்டலிலிருந்து எதுவும் தானாக நகராது. ஆனால் 1.19 என்ற பெயரில் வேறு கிளைகளில் பொதி இல்லை என்பதால், களஞ்சியத்தைச் சேர்த்தவர் பெயரைச் சொல்லிக் கேட்டாலே, பொதிகளைத் தரவிறக்கி நிறுவும் ஆப்ட் கொடுத்துவிடும். பெயரில் எண் இருப்பதன் அருமை இங்கே தெரியும்: கேட்காதவருக்கு அது கிடைக்க வழியே இல்லை.

சொந்தக் களஞ்சியம் நடத்துபவர்கள் களஞ்சியத்தை நிர்வகிக்கும் ரெப்ரெப்ரோவில் இரண்டு கிளைகள் வையுங்கள். சோதனைக் கிளையின் அமைப்பில் நாட்ஆட்டோமேட்டிக்: எஸ் என்று மட்டும் போட்டால் ஆப்ட் அதற்கு 1 என்ற முன்னுரிமை தரும். ஒருமுறை நிறுவியவருக்கு அடுத்த வெளியீடு தானாக வராது. சோதனை வரிசையில் இது தொல்லை. பழைய 1.19.3ஐ வைத்துக்கொண்டு 1.19.6 ஆடுபவரோடு சேர முடியாமல் பிழை அறிக்கை எழுதுவார்கள். கூடவே பட்ஆட்டோமேட்டிக்அப்கிரேட்ஸ்: எஸ் என்பதையும் சேருங்கள். முன்னுரிமை 100 ஆகும். நிறுவாதவர்களைத் தொடாது, நிறுவியவர்களுக்கு மட்டும் புதியது வரும்.

எல்லா லினக்ஸுக்கும் பொதுவான பொதிமுறையான ஃபிளாட்பேக்கில் ஸ்டேபிள், பீட்டா என்ற கிளைகள் இருப்பதால் அங்கே வேலை சுலபம் என்று தோன்றும். ஆனால் ஒரே செயலி அடையாளம் கொண்ட இரு கிளைகளும் வீட்டு அடைவில் ஒரே தரவு இடத்தைப் பகிர்கின்றன. வெஸ்நாத் தன் அடைவுகளை வரிசைவாரியாகப் பிரிப்பதால் தப்பிக்கிறது. அப்படிப் பிரிக்காத விளையாட்டு என்றால் பீட்டாவுக்குத் தனி அடையாளமே கொடுங்கள்.

படி 10: 1.20 வரும் நாள்

சோதனை வரிசை நிலையானதாகும் அன்று 1.19 பொதியின் பெயரை மாற்றி 1.20 ஆக்கினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்யாமல், 1.20க்குப் புதிய மூலப் பொதி தொடங்கி, மெட்டா பொதிப் பகுதியை 1.18இன் கண்ட்ரோலிலிருந்து எடுத்து 1.20இல் வையுங்கள். 1.19ஐச் சோதனைக் கிளையிலிருந்து நீக்குங்கள்; அதற்கு இனி பழுதுநீக்கம் வராது.

1.18 பயனர்கள் மெட்டா பொதி வழியாக 1.20ஐப் பெறுவார்கள். அவர்களின் 1.18 உடனே போகாது. ஆனால் அது தானாக நிறுவப்பட்ட பொதி என்று ஆப்ட் குறித்து வைத்திருப்பதால், தேவையற்ற பொதிகளை நீக்கும் ஆட்டோரிமூவ் கட்டளையை அடுத்து இயக்கும்போது நீங்கிவிடும். சேமிப்புக் கோப்புகள் வீட்டு அடைவில் பத்திரமாகத்தான் இருக்கும், திறக்க நிரல்தான் இருக்காது. ஆகவே மெட்டா பொதியின் நியூஸ் கோப்பில் தெளிவாக எழுதுங்கள்: 1.18இல் பாதி ஆடிய கேம்பெய்ன் இருந்தால் வெஸ்நாத்-1.18 பொதிகளை ஆப்ட்-மார்க் மேனுவல் கட்டளையால் கையால் நிறுவியவையாகக் குறித்துவிட்டு, ஆடி முடித்த பின் நீக்கலாம். துணைநிரல்களும் வரிசைக்கு வரிசை தனியாகத்தான் பதிவேற்றப்படுகின்றன என்பதால், பிடித்த துணைநிரல் 1.20க்கு வந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளும்படியும் அதே கோப்பில் ஒரு வரி சேருங்கள்.